84 மாங்கனீஸ், ஒரு சக்கரம்

இந்த முறை தபால் கட்டு முழுக்கக் காந்தம். செங்கல்பட்டில் தொடங்கி கடப்பாக்கம் வரை ஆளாளுக்கு மாங்கனீஸ் சக்கரத்தைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த சங்கதி. விடமாட்டேன்.

ஆட்டோ ஓட்டுநர், மாமல்லபுரம்: எங்க ஊர் ஐந்து ரதத்தில் ஒன்றுக்குக்கூடச் சக்கரம் இல்லை. நீங்க என்னமோ மூலக்கூறில் சக்கரம் இருக்கு என்கிறீர்களே மாமா?

பல்லவச் சிற்பி விட்டுவைத்ததை வேதியியல்காரர்கள் முடித்துவிட்டார்கள். 2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிறிஸ்டோவின் குழு 84 மாங்கனீஸ் அணுக்கள் வட்டமாகக் கோத்து நிற்கும் ஒரு மூலக்கூறைச் செய்தது. விட்டம் சுமார் 4.2 நானோமீட்டர், நடு ஓட்டை 1.9, தடிமன் 1.2. உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே ஏறத்தாழ 19,000 சக்கரங்களை வரிசையாக நிறுத்தலாம். பார்க்கிங் கட்டணம் கிடையாது.

பிளஸ் டூ மாணவி, செங்கல்பட்டு: அந்தச் சக்கரம் சுற்றுமா?

சுற்றாது கண்ணு. ஆனால் அதன் காந்தம் புரளும். அது எப்போது புரளும், எப்போது அடம்பிடிக்கும் என்பதுதான் மொத்த ஆராய்ச்சியும்.

காயலான் கடைக்காரர், மதுராந்தகம்: கல் கிரஷரிலிருந்து கழற்றி வரும் மாங்கனீஸ் ஸ்டீல் தாடையில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. நான் தினம் பார்க்கிறேன். அப்புறம் மாங்கனீஸில் ஏது காந்தம்?

உங்கள் கண் சரி. சுமார் 12, 13 சதவீதம் மாங்கனீஸ் சேர்ந்தால் இரும்பே காந்தத்தை மறந்துவிடும். ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882-ல் கண்ட உலோகக் கலவை அது. அடிபட அடிபட இறுகும் என்பதால் கல்லுடைக்கப் போட்டார்கள். தனி மாங்கனீஸிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அதே மாங்கனீஸைச் செம்போடும் அலுமினியத்தோடும் சேர்த்து உருக்கினால் காந்தம் ஒட்டும்! மூன்றில் எதுவும் தனியாகக் காந்தம் இல்லை. ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் ஹாய்ஸ்லர் 1903-ல் இதைச் சொன்னார். ஒரு மாங்கனீஸ் அணுவின் குணம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் யார் குடியிருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும்.

வேதியியல் ஆசிரியர், திருக்கழுக்குன்றம்: கதை போதும். சக்கரத்தை எப்படிச் செய்தார்கள்? செய்முறை வேண்டும்.

வாருங்கள் சார், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு கட்டம்.

முதல் கட்டத்தில் கிடைப்பது சக்கரத்தின் தாய், 12 மாங்கனீஸ் கொண்ட மூலக்கூறு. வெளிர் ரோஜா நிறத்து மாங்கனீஸ் அசிட்டேட்டை 60 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். கலக்கிக்கொண்டே பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். ஊதா விழுந்த இடத்திலேயே பழுப்பாகும், பிறகு கரும்பழுப்பு. அப்படியே ஆட்டாமல் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் அடியில் பளபளவென்று கறுப்புப் படிகங்கள்.

உள்ளே நடந்தது சமரசம். அசிட்டேட்டில் மாங்கனீஸின் ஆக்சிஜனேற்ற எண் +2, பெர்மாங்கனேட்டில் +7. இரண்டும் சந்தித்து +3-க்கும் +4-க்கும் இறங்கி வருகின்றன. 44 பங்கு அசிட்டேட்டுக்கு 16 பங்கு பெர்மாங்கனேட் என்று போட்டால் கணக்கு முந்திரியளவும் பிசகாது. கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள்.

இரண்டாவது கட்டத்தில் அந்தப் பன்னிரண்டை மெத்தனாலில் போட்டு, கொஞ்சம் அசிட்டிக் அமிலத்தோடு, டெட்ராபியூட்டைல் அம்மோனியம் பெர்மாங்கனேட் என்ற நீண்ட பெயர்க்காரரைச் சேர்த்தார்கள். கறுப்புப் படிகங்கள் வந்தன. எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தால் 14 மாங்கனீஸ் கொண்ட துண்டு ஆறு, வட்டமாக. ஆறு பதினாலு எண்பத்து நாலு. படிகத்துக்குள் அந்தச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நீளக் குழாய்களாகவும் நின்றன. யாரும் வரைபடம் போட்டுக் கொடுக்கவில்லை.

அதே ஆசிரியர்: மெத்தனாலுக்குப் பதில் எத்தனால் ஊற்றினால்?

சக்கரம் ஒரு துண்டு குறையும். ஐந்து பதினாலு எழுபது. அதே குழு 2016-ல் வெளியிட்டது. ஒரு கார்பன் கூடினால் 14 மாங்கனீஸ் அவுட்!

கூடுவாஞ்சேரி வாசகர்: பெர்மாங்கனேட் மருந்துக் கடையில் கிடைக்கிறது. வீட்டிலேயே முயன்று பார்க்கலாமா?

வேண்டாம். பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் தொட்டுக்கொண்டாலே சற்று நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். அந்த நீண்ட பெயர்க்காரர் உலர்ந்து சூடேறினால் வெடிக்கக்கூடியவர். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும். ஆய்வுக்கூடம், புகைபோக்கி அறை, கண்ணாடி, கூடவே ஆசிரியர். இந்த நான்கும் இருந்தால் செய்யுங்கள். இதில் விளையாட்டுப் பேச்சு இல்லை.

குடும்பத் தலைவி, மறைமலைநகர்: எங்கள் போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் கறுப்பாகப் படிகிறது. அதுவும் மாங்கனீஸா?

இருக்கலாம். இரும்பு என்றால் செம்பழுப்புக் கறை, மாங்கனீஸ் என்றால் கறுப்பு. தண்ணீர் வெளிக்காற்றைக் கண்டதும் கரைந்திருந்த மாங்கனீஸ் ஆக்சைடாகிப் பக்கெட்டில் உட்கார்ந்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 0.3 வரை என்கிறது இந்தியத் தரநிர்ணயம். தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள் அம்மா, ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கல்லூரி மாணவர், கேளம்பாக்கம்: 84 அணு சேர்ந்தால் பயங்கரக் காந்தமாக இருக்குமே?

எல்லாரும் இப்படித்தான் நினைத்தோம். சக்கரத்தில் இருப்பது அத்தனையும் +3 மாங்கனீஸ். ஆளுக்கு ஸ்பின், அதாவது காந்த பலம், 2. எல்லாம் ஒரே திசை பார்த்தால் 168. அளந்தபோது கிடைத்தது 6.

அதே மாணவர்: மீதி 162 எங்கே போச்சு?

எதிரெதிர் நின்று கழிந்து போச்சு. தாயான பன்னிரண்டிலேயே இந்தக் கதையைப் பார்க்கலாம். வெளி வளையத்தில் எட்டு +3, உள்ளே நான்கு +4. கயிறு இழுக்கும் போட்டியில் எட்டுப் பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். எட்டு இரண்டு பதினாறு, அதில் நாலு ஒன்றரை ஆறைக் கழித்தால் 10. சக்கரத்திலோ இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சம பலம். கயிறு லேசாகத்தான் நகர்ந்தது.

அதே மாணவர்தான்: சரி, எல்லாரையும் ஒரே பக்கம் இழுக்கவைக்க முடியாதா?

உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. முடிந்தது. 2006-ல் ஜெர்மனியில் ஆனி பவல் குழு 19 மாங்கனீஸ் மூலக்கூறு ஒன்றைச் செய்தது. பன்னிரண்டு +3, ஏழு +2. அத்தனை பேரும் ஒரே திசை. 24-உம் 17.5-உம் சேர்ந்து 41.5! அப்போது அது உலக சாதனை. ஆனால் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. விட்டால் புரண்டுவிடும். பலம் இருந்தது, பிடிவாதம் இல்லை.

வண்டலூர் வாசகி: பிடிவாதம் ஒரு குணமா என்ன?

காந்தத்துக்கு அதுதான் உயிர். ஒரு மூலக்கூறின் காந்தத்துக்கு மேலே, கீழே என்ற இரண்டு திசை மட்டும் பிடிக்க வேண்டும். குறுக்கே படுக்கப் பிடிக்கக் கூடாது. அப்போது மேலிருந்து கீழே புரள ஒரு மேடேற வேண்டிவரும். +3 மாங்கனீஸ் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் கூட்டை ஒரு பக்கமாக நீட்டிக்கொள்ளும். ஜான்–டெல்லர் விளைவு என்று பாடத்தில் வரும். அந்த நீட்டல்தான் பிடிவாதத்தின் ஊற்று. நீட்டிய அச்சுகள் ஒரே பக்கம் பார்த்தால் மேடு உயரும். ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்தால் மேடு தரைமட்டம். வீட்டில் பிடிவாதக்காரர் இருந்தால் திட்டாதீர்கள், அச்சைச் சரிபாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாம்பரம்: இதில் தமிழர் பங்கு ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் வெள்ளைக்காரர்தானா?

ஐயா, இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கினேன். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். உங்கள் தாம்பரத்துக்கு 1937-ல் குடிவந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, பட்டணத்துக்குள் இருந்த காலத்தில் அங்கே படித்தார். பிறகு அங்கேயே வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்தார். ராமன் விளைவில் ராமனின் வலக்கை அவர். அதோடு நிறுத்தி நாம் கைதட்டிவிட்டோம். எனக்கு அது மனக்குறை.

1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகம் போனவர் அங்கே படிகங்களின் காந்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு சின்னப் படிகத்தை நூலினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல்நுனியை மெதுவாகத் திருகிக்கொண்டே போவார். படிகம் கொஞ்சம்தான் நகரும், தனக்குப் பிடித்த திசையை லேசில் விடாது. இன்னும் திருகு, இன்னும் திருகு. ஒரு கோணத்தில் தாங்க முடியாமல் படக்கென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகத்தின் ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டார். முன் கேள்வியில் பிடிவாதம் என்றேனே, அதை ஒரு இழையையும் ஒரு காந்தத்தையும் வைத்து எண்ணாக்கிக் காட்டியவர் அவர்.

84 மாங்கனீஸ் சக்கரத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பு, அந்தத் துறைக்குத் தேவையான கேள்வியை வத்திராயிருப்புக்காரர் கேட்டுவிட்டார். அவர் பெயரை ராமன் வரும் பாடத்தில் அடிக்குறிப்பாக வைத்திருப்பதை நிறுத்துங்கள் ஐயா. உங்கள் பழைய மாணவர்களிடமாவது சொல்லுங்கள்.

மீனவ இளைஞர், கோவளம்: இந்தக் காந்தம் வேலைசெய்ய எவ்வளவு குளிர் வேண்டும்?

84 சக்கரத்துக்கு 1.5 கெல்வினுக்கும் கீழே. அதாவது சுமார் மைனஸ் 271.6 டிகிரி செல்சியஸ். பன்னிரண்டு கொஞ்சம் தேவலை. 2 கெல்வினில் ஒருமுறை காந்தமேற்றினால் அது அடங்க ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். சித்திரை வெயிலில் உங்கள் கடற்கரை மணல் 310 கெல்வினைத் தாண்டும். பிடிவாதமெல்லாம் நொடியில் காலி.

அணுபுரம் வாசகி: இதையெல்லாம் எந்தக் கருவியில் அளக்கிறார்கள்?

பக்கத்து ஊரைக் கேட்டால் சொல்வார்களே! கருவியின் பெயர் ஸ்குவிட். மீக்கடத்தி வளையம் ஒன்று, அதில் எலக்ட்ரான்கள் நுழைந்து வருகிற மாதிரி மெல்லிய தடுப்புகள். அதற்குள் காந்தப்புலம் இம்மி நகர்ந்தாலும் மின்னழுத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தச் சென்சாரை நியோபியம் உலோகத்தில் அவர்களே வடித்தார்கள். அதைக் கொண்டு பொருள்களின் காந்தத்தை அளக்கும் கருவி செய்தார்கள். அதோடு விடாமல் மனித மூளையும் இதயமும் வெளிவிடும் காந்தப்புலத்தை அளக்கும் அமைப்பும் செய்தார்கள். மூளையின் காந்தம் பூமியின் காந்தத்தில் பல கோடியில் ஒரு பங்கு. அதனால் வெளிக்காந்தம் நுழையாத தனி அறை கட்டி, ஆளை உள்ளே உட்காரவைத்து அளக்கிறார்கள்.

கல்பாக்கம் என்றால் அணுஉலை மட்டும்தான் என்று ஈ.சி.ஆரில் பஸ் ஏறுகிறவர்களுக்கு நினைப்பு. அந்த ஊர் மூளையையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதே வாசகி: அந்தக் கருவியில் படிகத்தை எப்படி வைப்பார்கள்?

ஸ்ட்ராவில்! கடைகளில் விற்கும் ஸ்குவிட் கருவி பல லட்சம் டாலர். அதற்குள் மில்லிகிராம் கணக்கில் பொடியை ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் சொருகி இறக்குவதுதான் உலகம் முழுக்க வழக்கம். நீளமாக ஒரே சீராக இருப்பதால் ஸ்ட்ராவின் காந்தம் அளவீட்டில் குறுக்கிடாது. இளநீர்க் கடைக்காரருக்கு ஆராய்ச்சி உலகம் கடன்பட்டிருக்கிறது.

ஆறாம் வகுப்பு மாணவன், சதுரங்கப்பட்டினம்: மாமா, கடற்கரை மணலில் காந்தம் வைத்தால் கறுப்புப் பொடி ஒட்டுகிறதே. அதுவும் மாங்கனீஸா?

இல்லை தம்பி, அது மேக்னடைட். இரும்பு ஆக்சைடு. கூடவே கறுப்பாக இருந்தும் சரியாக ஒட்டாமல் நழுவுவது இல்மனைட், சிவப்பாக மின்னுவது கார்னெட். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிவிட்டு மணலில் இழு. இல்லாவிட்டால் பொடியைப் பிரிக்க உனக்கு அரைப் பரீட்சை லீவு போதாது.

நெம்மேலி வாசகர்: கடலுக்குள் மாங்கனீஸ் உருண்டை கிடக்கிறதாமே? நம் கரைக்கு ஒதுங்குமா?

ஒதுங்காது. அவை கிடப்பது மத்திய இந்தியப் பெருங்கடலில், ஐந்தாறு கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே 75,000 சதுர கிலோமீட்டர் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ‘வராகா-1’ என்ற இயந்திரத்தை 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் இறக்கி ஓட்டிப் பார்த்தது. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் பூமித்தாயைத் தூக்கி நிற்பவரின் பெயர்தான். தூக்குகிற பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

சந்தேகப் பிராணி, திருப்போரூர்: காந்த வளையம் கையில் கட்டினால் ரத்த ஓட்டம் சீராகும் என்கிறார்களே?

ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பு மாதிரி இல்லை. காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவர் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார். சீராக ஓடுவது விற்பவரின் கல்லாப்பெட்டி.

பொறியியல் மாணவி, படூர்: மேடேறாமல் குறுக்கே நுழைந்து புரள முடியாதா?

முடியும், குவாண்டம் ஊடுருவல் அதுதான். 1996-ல் பன்னிரண்டு மாங்கனீஸ் படிகத்தின் காந்தத் தயக்க வளைவை அளந்தபோது, வழவழப்பாக வரவேண்டிய கோடு படிப்படியாக வந்தது. சில குறிப்பிட்ட புலங்களில் மட்டும் காந்தம் மேட்டைத் துளைத்து மறுபக்கம் போயிருக்கிறது. நியூயார்க்கிலிருந்து மிரியம் சாராச்சிக்கும் சகாக்களும் ஒரு பக்கம், பிரான்சிலிருந்து இன்னொரு குழு ஒரு பக்கம், ஒரே ஆண்டில் அறிவித்தார்கள். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய படிகத்தில் குவாண்டம் விதி படிக்கட்டு கட்டி நின்றது. எனக்கு இன்றும் அந்த வரைபடத்தைப் பார்த்தால் சிலிர்க்கும்.

செல்போன் கடைக்காரர், அச்சிறுபாக்கம்: இதில் மெமரி கார்டு எப்போ வரும்?

மாங்கனீஸிலா? சந்தேகம். ஒரு மூலக்கூறுக்கு ஒரு பிட் என்ற ஆசையைக் கிளப்பியது பன்னிரண்டு மாங்கனீஸ்தான். 1993-ல் இத்தாலியில் ரொபெர்த்தா செஸ்ஸோலியும் தாந்தே கத்தெஸ்கியும் சகாக்களும் அது தனி மூலக்கூறாகவே காந்த நினைவு வைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். அதன் வடிவத்தை போலந்தின் லிஸ் 1980-லேயே வெளியிட்டிருந்தார். அதற்குள் ஒரு காந்த நினைவு இருப்பது தெரியவரப் பதின்மூன்று வருடம் பிடித்தது!

பிறகு எல்லாரும் பெரிசு பெரிசாகக் கட்டினார்கள். கடைசியில் 2018-ல் ஒரே ஒரு டிஸ்புரோசியம் அணு கொண்ட மூலக்கூறு 80 கெல்வின் வரை காந்தத்தைப் பிடித்து வைத்தது. திரவ நைட்ரஜன் 77 கெல்வின். அந்தக் குளிர் போதும். 84 பேரால் முடியாததை ஒற்றை ஆள், திசைப் பிடிவாதம் ஒன்றை வைத்துச் செய்துவிட்டார். நீங்கள் கடையை மூடாதீர்கள், கண்ணைத் திறந்து வையுங்கள்.

பனையேறி, செய்யூர்: ஐயா, எங்க ஆளுக்கும் இந்த மாங்கனீஸுக்கும் ஒரு உறவும் இல்லையா?

நீங்கள் ஏறுகிற மரமே அதில்தான் உயிர் வாழ்கிறது. ஓலையின் ஒவ்வொரு பசுங்கணிகத்திலும் நான்கு மாங்கனீஸும் ஒரு கால்சியமும் ஆக்சிஜனால் கோத்த ஒரு சின்னக் கூட்டு உண்டு. தண்ணீரைப் பிளந்து நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனை வெளியே தள்ளுவது அதுதான். அதன் நுண்வடிவத்தை ஜப்பானியர் 2011-ல் படம் பிடித்தார்கள். மாங்கனீஸ் கூட்டு செய்வதில் கிறிஸ்டோவுக்கு மூத்தவர் உங்கள் பனைமரம்.

எம்.எஸ்சி. மாணவி, காட்டாங்குளத்தூர்: இந்தத் துறைக்குள் வரவேண்டும். யாரைப் பார்ப்பது, எங்கே தொடங்குவது?

பெயர்கள் முதலில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். ராமசேஷா இந்தக் கூட்டுகளின் ஸ்பின் கணக்கைப் போட்டுக் காட்டியவர். மும்பை ஐ.ஐ.டி.யில் கோபாலன் ராஜாராமன் கணினியில் காந்தப் பிடிவாதத்தைக் கணிக்கிறார், மகேஸ்வரன் சண்முகம் ஆய்வுக்கூடத்தில் செய்து அளக்கிறார். கனடாவின் ஒட்டாவாவில் முரளி முருகேசு. 25 மாங்கனீஸ் மூலக்கூறில் ஸ்பின் 25.5 என்று 2004-ல் வந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. இவர்கள் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

இப்போதே தொடங்க வேண்டுமானால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஏதாவது ஒரு உலோக உப்பின் ஒற்றைப் படிகத்தை வளர்த்துப் பழகுங்கள் தாயி. கரைசலை வடிகட்டுங்கள். குடுவை வாயைத் தாளால் மூடி ஊசியால் நான்கு துளை போடுங்கள். அதிர்வில்லாத மூலையில் வைத்துவிட்டு, தினம் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஆட்டினால் அடியில் தூள், விட்டுவைத்தால் படிகம். எக்ஸ்ரே கருவி கேட்கப்போவது அந்த ஒற்றைப் படிகத்தை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மும்பைக்குக் கடிதம் எழுதுங்கள்.